ஹார்டுவேர் சீப், யாருக்கு?

“ஹார்டுவேர் சீப் ப்ரோ. இன்னும் ரெண்டு சர்வர் போட்டுக்கலாம். ஆளோட நேரம்தான் காஸ்ட்லி.”

பதினொரு வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நிறுவனங்கள் மாறின, எனக்கு மேலே இருந்தவர்கள் மாறினார்கள், இந்த வசனம் மட்டும் மாறவில்லை. கடைசியாகக் கேட்டது போன வருடம். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் இதே கதைதான். ஒவ்வோர் இரவும் ஓடுகிற ஒரு கணக்கு. பகலில் சில நூறு பேரின் விவரம்தான் மாறியிருக்கும். ஆனால் இரவில் அது அத்தனை லட்சம் பேருக்கும் முதல் வரியிலிருந்து மறுபடி கணக்குப் போடும். நாலு மணிக்கு முடிய வேண்டியது விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. “மாறினதை மட்டும் திருத்தினா போதும், ரெண்டு வாரம் குடுங்க” என்றேன். மேலே உள்ள வசனம் வந்தது. கூடவே ஒரு இலவச இணைப்பு: “ஆரம்பத்துலயே ஆப்டிமைஸ் பண்ணக் கூடாதுன்னு க்னூத்தே சொல்லியிருக்காரே!”

டொனால்ட் க்னூத் அதை எழுதியது 1974இல். அந்த வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நூற்றுக்கு 97 இடங்களில் சின்னச் சின்ன மிச்சம் பிடிப்பதைப் பற்றிக் கவலைப்படாதே என்கிறார். மீதி 3 இடங்களில் வாய்ப்பைத் தவறவிடாதே என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். நம் ஆட்கள் 97ஐ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்த 3 பற்றியது. எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் செஸ் இன்ஜின் என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

அதற்கு முன் ஒரு மன்னிப்பு. நான் இருப்பது மறைமலைநகர். வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவரின் பெயரைத் தாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘ஆப்டிமைஸ்’, ‘ஹார்டுவேர்’ என்று எழுதுகிறேன். அடிகள் பொறுத்தருள வேண்டும். ஆபீஸில் எவனும் ‘வன்பொருள் மலிவு’ என்று சொல்லவில்லை.

*

2022 ஜூலையில் எங்கள் ஊர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. அதே மாதம் 28ஆம் தேதி, செங்கல்பட்டு வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ எல்லாச் சுவரிலும் கும்பிட்டுக்கொண்டு நின்றான். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். அந்தப் பதினைந்து நாட்களில் செஸ் தெரியாத என் பெரியம்மாகூட “குகேஷ் இன்னைக்கு ஜெயிச்சானா?” என்று கேட்டார்.

முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்திருந்தார் குகேஷ். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுடன் ஆட்டம். ஜெயிக்கிற நிலையில் இருந்தவர் நேர நெருக்கடியில் தவறவிட்டுத் தோற்றார். நேரலை பார்த்தவர்களுக்கு அந்தத் திரையின் ஓரத்தில் இருந்த பட்டை நினைவிருக்கும். ஒரு பக்கம் ஏறியிருந்த பட்டை ஒரே நகர்த்தலில் மறுபக்கம் சரிந்தது. பலகையில் என்ன நடந்தது என்று எங்களுக்குப் புரிவதற்கு முன்பே பட்டைக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பட்டைக்குப் பின்னால் இருப்பது ஒரு எண். இந்த நிலையில் யார் கை ஓங்கியிருக்கிறது, எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று சொல்லும் எண். இன்ஜின் செய்வது இரண்டே வேலை. ‘நான் இப்படி, அவன் அப்படி, நான் இப்படி’ என்று கிளை கிளையாகப் போய்ப் பார்ப்பது ஒன்று. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் நின்று அந்த நிலைக்கு மதிப்பெண் போடுவது இன்னொன்று. நுனிகள் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் இருக்கும். ஆகவே மதிப்பெண் போடுவதில் மிச்சமாகும் ஒரு நானோவிநாடியும் கோடியால் பெருகும். க்னூத் சொன்ன 3 சதவீதம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

எப்படி மதிப்பெண் போடுவது என்பதை 1950இல் வெளியான கட்டுரையிலேயே கிளாட் ஷானன் எழுதிவிட்டார். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்ட சிப்பாய்களுக்குக் கொஞ்சம் கழிவு. காய்களுக்கு நகர இடம் இருந்தால் கொஞ்சம் கூடுதல். (யானையைக் கோட்டை என்றும் மந்திரியை அமைச்சர் என்றும் எழுத வேண்டும் என்பார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த மாமா யானை என்றுதான் சொன்னார்.) அதற்கும் முன்னால் ஆலன் டூரிங் ஒரு முறையை எழுதி, ஓட்டுவதற்கு இயந்திரம் இல்லாததால் 1952இல் தானே இயந்திரமாக உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டு ஒரு ஆட்டம் ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் ஆனதாம். ஹார்டுவேர் எவ்வளவு சீப் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

*

ஊரடங்குக் காலத்தில் பொழுது போகாமல் நானும் ஒரு இன்ஜின் எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுதியது எல்லோரும் எழுதுகிற மாதிரிதான். 64 கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார், காய் இருந்தால் அதன் மதிப்பைக் கூட்டு. ஒவ்வொரு நுனியிலும் 64 கட்டம், பாதிக்குமேல் காலி. அடுத்த நுனிக்குப் போனால் மறுபடி அதே 64. இரண்டு நுனிக்கும் நடுவில் மாறியது ஒரே ஒரு குதிரை.

ஒரு இரவு இரண்டு மணிக்கு இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பகலில் ஆபீஸில் திட்டிய அதே வேலையை வீட்டில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

திருத்துவது எளிது. மொத்த மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொள். குதிரை கிளம்பினால் பழைய கட்டத்தில் அதற்கிருந்த மதிப்பைக் கழி, புதிய கட்டத்தின் மதிப்பைக் கூட்டு. வெட்டினால் வெட்டுப்பட்டதைக் கழி. அவ்வளவுதான். நகர்த்தலைத் திரும்பப் பெறும்போது கூட்டியதைக் கழி, கழித்ததைக் கூட்டு. சிப்பாய்களின் அமைப்பு இன்னும் மெதுவாக மாறும். பல நகர்த்தல்களுக்கு அவை அசையாமல் நிற்கும். அதனால் ஒரு தடவை கணக்குப் போட்டதை ஒரு அட்டவணையில் எழுதி வைத்து, அதே அமைப்பு வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்த அமைப்பை அடையாளம் காண ஒரு எண் வேண்டும். அதற்கான வழியை 1970இலேயே ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குலுக்கல் எண், எல்லாவற்றையும் எக்ஸார் செய்தால் நிலையின் எண். அதிலும் மாறியதை மட்டும் மாற்றினால் போதும்.

பலகையில் 64 கட்டம் இருப்பதும் நம் பிராசஸர்கள் 64 பிட் என்பதும் தற்செயல். ஆனால் என்ன ஒரு தற்செயல்! வெள்ளைச் சிப்பாய்கள் எல்லாம் எங்கே நிற்கின்றன என்பது ஒரே ஒரு எண்ணில் அடங்கிவிடும். 1974இல் முதல் உலகக் கணினி செஸ் போட்டியை ஜெயித்த சோவியத் நிரல் காய்ஸா இந்த முறையைத்தான் பயன்படுத்தியது. அவர்களிடம் இருந்த கணினியை இன்றைக்கு யாருக்காவது இலவசமாகக் கொடுத்தால் கரன்ட் பில்லுக்குப் பயந்து வாங்க மாட்டார்கள்.

இது எல்லாம் வீரதீரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று இரவுகளை நான் வீணடித்தேன். எங்கே நேரம் போகிறது என்று அளக்காமல், எனக்குப் பிடித்த ஒரு சுழற்சியைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். அளந்து பார்த்தால் மொத்த நேரத்தில் அதன் பங்கு நூற்றில் இரண்டுகூட இல்லை. அதை ஒன்றுமே இல்லாமல் ஆக்கினாலும் கிடைப்பது அந்த இரண்டுதான். 97 பற்றி க்னூத் சொன்னதும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. அப்புறம் பிழைகள். ‘மாறியதை மட்டும் மாற்று’ என்பதில் உள்ள ஆபத்து, எது மாறியது என்று நீ சரியாகச் சொல்ல வேண்டும். என் இன்ஜின் சில ஆட்டங்களில் தோற்கிற நிலையைப் பார்த்து ஜெயிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் தேடினேன். போகிற போக்கில் சிப்பாயை வெட்டும் அந்த விசித்திர விதி இருக்கிறதே, ஆன்பஸ்ஸான், அதில் வெட்டுப்படுகிற சிப்பாய் நாம் போய் நிற்கிற கட்டத்தில் இருக்காது, பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். நான் காலிக் கட்டத்திலிருந்து சிப்பாயைக் கழித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு பிசகு, அது சேர்ந்து சேர்ந்து பொய்யானது. இப்போது சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு நிலையிலும் பழைய மெதுவான முறையிலும் கணக்குப் போட்டு இரண்டும் ஒன்றா என்று சரிபார்க்கிறேன். மெதுவான நிரலைத் தூக்கி எறியக் கூடாது. அதுதான் சாட்சி.

*

இனி இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் ஆல்ஃபாஸீரோவை அறிவித்தது. தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொண்ட நரம்பு வலைப்பின்னல். ஸ்டாக்ஃபிஷுடன் 100 ஆட்டம், 28 வெற்றி, 72 சமன், ஒரு தோல்வியும் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆல்ஃபாஸீரோ பார்த்தது 80 ஆயிரம். குறைவாகப் பார்த்தாலும் நன்றாகப் பார்த்தால் போதும் என்று எல்லோரும் வியந்தார்கள். நானும் வியந்தேன். அது தனக்குத் தானே ஆடிக்கொள்ள 5,000 சிறப்புச் சில்லுகள் ஓடின என்ற வரி வியப்பில் அடிபட்டுப் போயிற்று. அதே வழியில் தன்னார்வலர்கள் கட்டிய லீலாவும் நன்றாக ஆட வேண்டுமென்றால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அந்தக் கார்டின் விலை எங்கள் தெருவில் பல வீடுகளின் பல மாத வருமானம். செஸ்ஸின் மிக உயர்ந்த அறிவு பணம் உள்ளவரின் மேசைக்குப் போய்ச் சேரும் என்றுதான் அந்தச் சமயத்தில் தோன்றியது.

அது நடக்கவில்லை. ஜப்பானில் யூ நாசு என்பவர் 2018இல், செஸ்ஸுக்குக்கூட இல்லை, ஷோகி என்ற அவர்கள் ஊர் ஆட்டத்துக்காக ஒரு முறையை எழுதினார். ஜப்பானிய மொழியில் எழுதினார். செஸ் உலகம் இரண்டு வருடம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அந்த முறையின் பெயர் என்என்யூஇ. சாரம் இதுதான்: ‘என் ராஜா இந்தக் கட்டத்தில், இந்தக் காய் அந்தக் கட்டத்தில்’ என்ற ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு உள்ளீடு. 64 ராஜா கட்டம், 10 வகைக் காய், 64 கட்டம். பெருக்கினால் 40,960. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் ராஜாக்களை விட்டால் பலகையில் இருப்பது அதிகபட்சம் 30 காய். ஆக அந்த நாற்பதாயிரத்தில் முப்பதுதான் ஒன்று, மீதி எல்லாம் பூஜ்யம். ஒரு நகர்த்தலில் அந்த முப்பதிலும் மாறுவது இரண்டோ மூன்றோ. எனவே முதல் அடுக்கின் 256 எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்பிய காயின் வரிசையைக் கழித்து, வந்து நின்ற காயின் வரிசையைக் கூட்டினால் ஆயிற்று. ராஜா நகர்ந்தால் மட்டும் அந்தப் பக்கத்துக்கு முழுக்கக் கணக்கு. தசமங்களை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சிறு முழு எண்களாக ஆக்கிவிட்டதால், ஒரு சாதாரண பிராசஸர் ஒரே கட்டளையில் 16 எண்களைக் கூட்டும். 256க்கு 16 கட்டளை. கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை.

என் ஓட்டைக் குதிரைக் கணக்கும் யூ நாசுவின் வலைப்பின்னலும் அடிப்படையில் ஒரே யோசனை. அவர் அதை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் வித்தியாசம்.

2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 இதை எடுத்துக்கொண்டது. நொடிக்குப் பார்க்கும் நிலைகளின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் முந்தைய பதிப்பிடம் தோற்கிற ஆட்ட ஜோடிகளைப் போலப் பத்து மடங்கு ஜெயித்தது. வேகம் என்றால் நொடிக்கு எத்தனை என்று மட்டும் நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீண்வேலையை வெட்டியதால் மிச்சமான நேரத்தை அவர்கள் யோசிப்பதற்குச் செலவழித்தார்கள். 2024இல் வந்த 16.1ஆம் பதிப்பில், மனிதர்கள் பல வருடம் கையால் எழுதிச் சேர்த்த மதிப்பீட்டு விதிகள் மொத்தமாக நீக்கப்பட்டன. அதே பதிப்பில் ஒரு சின்ன வலைப்பின்னலையும் சேர்த்தார்கள். ஒரு பக்கம் வெளிப்படையாகத் தோற்றுக்கொண்டிருக்கும் நிலைக்குப் பெரிய வலைப்பின்னலைத் தொந்தரவு செய்ய வேண்டாம், சின்னது போதும். ராணியை இழந்து நிற்பவனின் சிப்பாய் அமைப்பை ஏன் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டும்?

இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். ஒவ்வொரு சிறு திருத்தமும் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் கொடுக்கும் கணினி நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடித் தேற வேண்டும். தேறாவிட்டால் குப்பை. எழுதியவன் எவ்வளவு பெரிய ஆள் என்று யாரும் கேட்பதில்லை. நம் ஆபீஸ் கோட் ரிவ்யூக்களை நினைத்துக்கொண்டால் எனக்கு அழுகை வரும்.

*

“இன்ஜின் வந்து செஸ்ஸின் அழகைக் கொன்றுவிட்டது” என்று நம் இலக்கிய நண்பர்கள் சொல்வார்கள். கூடவே குகேஷைக் காட்டுவார்கள். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சிறுவயதில் அவரை இன்ஜின் பக்கமே விடாமல் வளர்த்தார் என்பது பலமுறை வெளிவந்த செய்தி. அந்தப் பையன்தான் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். சரி. ஆனால் அவருக்கு விஷ்ணு பிரசன்னா இருந்தார். கிராண்ட்மாஸ்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘இந்த நகர்த்தல் ஏன் தப்பு’ என்று சொல்லித்தரும்போது இன்ஜின் எதற்கு?

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளி. ஒலிம்பியாடை ஒட்டிப் பள்ளிகளில் நடந்த போட்டிகளில் ஆட ஆரம்பித்தவன், இன்னும் விடவில்லை. அம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அவனுக்குப் பயிற்சியாளர் அவன் அம்மாவின் பழைய ஃபோன். திரையில் ஒரு மூலை உடைந்திருக்கும். லிசெஸ்ஸில் ஆடுவான், ஆடி முடித்ததும் அதே ஃபோனில் ஸ்டாக்ஃபிஷை ஓட்டித் தன் தப்புகளைப் பார்ப்பான். குகேஷ் தோற்ற அந்த உஸ்பெக் ஆட்டத்தை எனக்கு அந்த ஃபோனில்தான் போட்டுக் காட்டினான். “அண்ணா, இங்க பாருங்க, இங்கதான்ணா போச்சு.” உலகின் எந்த கிராண்ட்மாஸ்டரையும் தோற்கடிக்கக்கூடிய ஒன்று அவன் கையில், காசு இல்லாமல், உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிலர் கட்டளைகளை ஒவ்வொன்றாக எண்ணியதால் அது அங்கே ஓடுகிறது. ‘நல்ல கார்டு வாங்கிக்கோ’ என்று அவர்கள் சொல்லியிருந்தால் ஓடியிருக்காது.

அதே ஃபோனில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற ஒரு பக்கம் திறக்கவில்லை. சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. என் லேப்டாப்பில் திறந்து நிரப்பிக் கொடுத்தேன். அதில் இருந்தது பதினைந்து கட்டம், ஒரு பொத்தான். பெயர், பள்ளி, வங்கிக் கணக்கு. யோசித்துப் பாருங்கள்: உலக சாம்பியனைத் தோற்கடிக்கிற நிரல் ஓடுகிற ஃபோனில், பெயரும் பள்ளியும் கேட்கிற பக்கம் ஓடவில்லை. அதை எழுதியவர் என்னைப் போல ஒருவர்தான். என் கல்லூரியைப் போன்ற ஒன்றில் படித்து, என் மேலதிகாரியைப் போன்ற ஒருவரிடம் அதே வசனத்தைக் கேட்டிருப்பார். அவருக்கு ஹார்டுவேர் சீப். அந்த ஹார்டுவேரை வாங்க வேண்டியது பேக்கிங் செக்‌ஷனில் நிற்கிற அம்மா என்பது அந்தக் கூட்ட அறையில் யாருக்கும் நினைவு வராது.

என் அப்பா இந்த ஊரிலேயே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைனில் நின்றவர். ‘சைக்கிள் டைம்’ என்ற வார்த்தையை நான் பொறியியல் படிப்பதற்கு முன்பே அவரிடம்தான் கேட்டேன். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பின்னால் ஒருவர் நிற்பாராம். போல்ட் பெட்டி ஒரு அடி தள்ளி இருந்தால் ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை அடி வீண் நடை என்று கணக்குப் போடுவார்களாம். அப்பா தானாகவே பெட்டியை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டதை இப்போதும் பெருமையாகச் சொல்வார். லைனில் நிற்பவனின் அரை விநாடியை எண்ணுகிற ஊர் இது. அங்கிருந்து ரயிலேறினால் இரண்டாவது நிறுத்தம் பரனூர். இறங்கினால் ஏசி அறைகளில் என்னைப் போன்றவர்கள் ஒரே கணக்கை ஒவ்வோர் இரவும் லட்சம் தடவை திரும்பப் போடுகிற நிரல்களை எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கள் பின்னால் யாரும் ஸ்டாப்வாட்சுடன் நிற்பதில்லை. ஏனென்றால் எங்கள் வீண்நடையை நடப்பது நாங்கள் இல்லை.

‘ஆளோட நேரம் காஸ்ட்லி’ என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. எந்த ஆள்? நான் கேட்டது இரண்டு வாரம். விடிந்தும் முடியாத அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு இரவுப் பணியில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களின் நேரத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் ஒப்பந்த ஊழியர்கள்.

பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு வரை ரயில் பாதையின் இரண்டு பக்கமும் பொறியியல் மாணவர்கள். அவர்களில் சிலர் பயிற்சிக்கு எங்களிடம் வருகிறார்கள். புத்திசாலிகள். ஆனால் ஒரு எண்ணை மெமரியிலிருந்து எடுப்பதற்கும் கேஷிலிருந்து எடுப்பதற்கும் உள்ள தூரம் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதைப் பரீட்சைக்குப் படம் வரைந்து பாகம் குறித்தேன், ஐந்து மதிப்பெண். அதற்கு ஒரு பொருள் உண்டு என்று தெரிந்தது முப்பது வயதுக்கு மேல், ஒரு குதிரையால்.

போன மாதம் அந்தப் பையனிடம் என் இன்ஜினைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என்என்யூஇ போட்டாயிற்று, ஒரே கட்டளையில் 16 எண், முன்பைவிடப் பல மடங்கு வேகம் என்று. பொறுமையாகக் கேட்டான்.

“சூப்பர்ணா. என் ஃபோன்ல ஓடுமா?”

ஓடாது. அந்த வேகமான வரிகள் முழுவதும் என் லேப்டாப்பில் இருக்கிற இன்டெல் பிராசஸரின் கட்டளைகளில் எழுதப்பட்டவை. அவன் ஃபோனில் இருப்பது ஆர்ம். அதற்கு நியான் கட்டளைகளில் தனியாக எழுத வேண்டும், ஒரு தடவைக்கு 8 எண்தான். ஒரு வருடம் இரவு இரவாகச் செதுக்கியபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. அவனிடம் இதை எப்படிச் சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கிட்டத்தட்ட ‘லேப்டாப் இருந்தா ஓடும்டா’ என்றேன்.

நியானுக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன். கூட்டலும் கழித்தலும் முடிந்தது, பெருக்கல் பகுதியில் ஏதோ ஒரு இடத்தில் எண் வழிகிறது, பழைய மெதுவான நிரலுடன் ஒத்துப்போகவில்லை. அவன் இதுவரை இரண்டு தடவை கேட்டுவிட்டான்.